சென்னை வீட்ல உல்லன் நூலுக்கு பளிச்னு சாயம் போடறது எப்படி

உல்லன் நூல்ல பளிச்னு கலர் வேணும்னா நிறையப் பேர் பண்ற முதல் காரியம் சாயப்பவுடரை அள்ளிக் கொட்டறதுதான். அங்கயே கதை முடிஞ்சிடும். கலர் அடர்த்தியா வரும், ஆனா பளிச்னு வராது, அப்புறம் துவைக்க துவைக்க பக்கெட் முழுக்க சாயமா ஓடும். பளிச்னு வர்றதுக்கு வேற கணக்கு இருக்கு. நூல் வெள்ளையா இருக்கணும், தண்ணி நல்லா இருக்கணும், ரெண்டு மூணு கலருக்கு மேல கலக்கக்கூடாது, போட்ட சாயம் மொத்தமும் நூலுக்குள்ள போகணும். வேலை முடியும்போது பாத்திரத்துல இருக்கிற தண்ணியைப் பாருங்க, குடிதண்ணி மாதிரி தெளிஞ்சு நிக்கணும். அது தெளியுற வரைக்கும் அடுப்பை அணைக்காதீங்க. இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துடும்.

முதல்ல நூல். சென்னைல ஃபேன்சி ஸ்டோர், பாரிஸ் கார்னர் பக்கம், டி.நகர் எங்க போய் "உல்லன் நூல்"னு கேட்டாலும் கைல கொடுக்கறது பெரும்பாலும் அக்ரிலிக். அது ஆட்டு ரோமமே கிடையாது, ஒருவகை பிளாஸ்டிக் இழை. குரோஷா போடறதுக்கு அருமையா இருக்கும், நம்ம ஊரு வெயிலுக்கும் பரவால்ல. 2016-ல இதே சென்னைல மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்னு பெண்கள் ஒண்ணா சேர்ந்து 11,148 சதுர மீட்டருக்கு மேல ஒரு குரோஷா போர்வை போட்டு கின்னஸ்ல ஏறினாங்க, அந்த அளவுக்கு இங்க நூல் மேல கிறுக்கு பிடிச்ச ஆளுங்க இருக்காங்க. ஆனா அக்ரிலிக்ல நான் இங்க சொல்ற சாயம் ஒட்டவே ஒட்டாது, எவ்வளவு நேரம் வேக வெச்சாலும் கழுவினதும் பழைய வெள்ளைக்கே வந்து நிக்கும். அதனால லேபிள்ல 100% வுல், மெரினோ இப்படி ஏதாவது இருக்கான்னு பாத்து வாங்குங்க. சாயம் போடாத வெள்ளை நூல் ஆன்லைன்லதான் சுலபமா கிடைக்கும், பிக்கானேர், லூதியானா, ஹிமாச்சல் பக்கத்துல இருந்து அனுப்பறாங்க. சாக்ஸ் நூல்னு விக்கறதுல முக்கால் பங்கு உல்லன் கால் பங்கு நைலான் இருக்கும், கவலை வேண்டாம், நைலானும் இதே சாயத்தை நல்லாவே எடுத்துக்கும். பட்டும் எடுத்துக்கும். பருத்தி எடுத்துக்காது.

லேபிள் மேல சந்தேகமா இருந்தா ஒரு துண்டு நூலை இடுக்கியில பிடிச்சு சிங்க் மேல வெச்சு கொளுத்திப் பாருங்க. நிஜ உல்லன்னா முடி கருகற நாத்தம் வரும், நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சிடும், சாம்பலை விரல்ல நசுக்கினா பொடியாகும். அக்ரிலிக்னா உருகி கருப்பா கெட்டியா ஒரு மணி மாதிரி உருண்டு நிக்கும். ஆறின பிறகு தொடுங்க, சூடா உருகினது விரல்ல ஒட்டினா தோலோட வரும்.

முடி நாத்தம் வர்றதுக்கு காரணம் இருக்கு, உல்லனும் நம்ம தலைமுடியும் ஒரே கெராட்டின் புரோட்டீன். அதுல கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் சூடு சேர்ந்தா புரோட்டீன் இழை சாயத்தை தானா இழுத்துப் பிடிச்சுக்கும். இந்த வகைக்கு ஆசிட் டைன்னு பேரு. ஆசிட்னதும் பாத்ரூம் கழுவற ஆசிட்னு பயந்துடாதீங்க, நமக்கு வேண்டியது சமையல் வினிகர், இல்லன்னா சிட்ரிக் ஆசிட், லெமன் சால்ட்னு மளிகைக் கடையில கேட்டாலே கொடுப்பாங்க, அவ்ளோதான்.

சாயத்துக்கு ரெண்டு வழி. புதுசா ஆரம்பிக்கிறவங்க ஃபுட் கலர்லயே ஆரம்பிக்கலாம், ஏன்னா அதுவும் ஆசிட் டை ஜாதிதான். நம்ம நாட்டுல சாப்பாட்டுல சேர்க்க அனுமதி இருக்கிற செயற்கை கலர் மொத்தமே 8, டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், போன்சோ 4ஆர், எரித்ரோசின், ப்ரில்லியன்ட் ப்ளூ, இண்டிகோ கார்மைன், ஃபாஸ்ட் க்ரீன். கடையில வாங்கற கேசரி பவுடர் டப்பாவைத் திருப்பி பாத்தீங்கன்னா இதுல ஒண்ணு ரெண்டு பேரு இருக்கும். கேசரிக்குப் போடற அதே பவுடர் உல்லன்ல மாம்பழ மஞ்சளா ஏறி நிக்கறதைப் பாக்கறப்போ, இதையா இத்தனை நாளா வயித்துக்குள்ள போட்டோம்னு ஒரு நிமிஷம் தோணும். 100 கிராம் நூலுக்கு அரை டீஸ்பூன்ல ஆரம்பிங்க, பத்தலைன்னா கூட்டிக்கலாம். ஒரு குறை, ஃபுட் கலர் வெயில்ல சீக்கிரம் வெளுக்கும், அதுலயும் இண்டிகோ கார்மைன் ரொம்ப மோசம். எரித்ரோசின் இருக்கிற பிங்க் இன்னொரு விளையாட்டு காட்டும், புளிப்பு அதிகமானா தண்ணியில கரையாம திரிதிரியா பிரிஞ்சிடும், அதனால அந்த பிங்க்குக்கு வினிகரை கம்மி பண்ணி கடைசில ஊத்துங்க.

ரெண்டாவது வழி நிஜமான ஆசிட் டை பவுடர். பார்க் டவுன்ல நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம் கெமிக்கல் கடைங்க வரிசையா இருக்கு, அங்க கேட்டுப் பாக்கலாம், ஆனா கிலோ கணக்குலதான் பேசுவாங்க, நமக்கு ஒரு கலருக்கு 15 கிராம் 20 கிராம் இருந்தாலே ரொம்ப நாள் ஓடும். சின்ன டப்பாவா ஆன்லைன்ல வாங்கறதுதான் எனக்கு சரியா படுது, கூடவே எந்த கலர் எவ்வளவுன்னு சொல்ற பேப்பரும் வரும். கடையில "இந்த பிங்க் செம பளிச்சுனு இருக்கும்"னு ரோடமின் பி எடுத்து நீட்டினா வேண்டாம்னு சொல்லிடுங்க. 2024 பிப்ரவரில பஞ்சு மிட்டாய்ல இதைக் கலந்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சு தமிழ்நாட்டுல அந்த மாதிரி பஞ்சு மிட்டாய்க்கு தடை போட்டாங்களே, அதே சாமான்தான். துணிக்குப் போடற சாயம்தான் அது, இருந்தாலும் குழந்தைங்க நடமாடற வீட்ல சமையலறைப் பக்கத்துல வெச்சு அளக்கற பொருள் இல்ல. வேற நல்ல பிங்க் எத்தனையோ இருக்கு.

பாத்திரம் விஷயத்துல கறாரா இருங்க. ஃபுட் கலர் மட்டும்னா வீட்டுப் பாத்திரத்துலயே பண்ணிட்டு தேய்ச்சு கழுவி எடுத்து வெச்சுடலாம். ஆசிட் டை பவுடர்னா அதுக்குன்னு தனியா ஒரு பாத்திரம், தனி கரண்டி, தனி இடுக்கி, தனி அளவு கப், திரும்ப சமையலுக்கு வரவே கூடாது, பெயிண்ட்ல பெருசா குறி போட்டு பால்கனியில வெச்சிடுங்க, இல்லன்னா அவசரத்துக்கு யாராவது அதுல ரசம் வெச்சிடுவாங்க. எவர்சில்வர்தான் நல்லது. அலுமினியமும் இரும்பும் வேண்டாம், அலுமினியத்தை புளிப்பு அரிக்கும், இரும்பு பட்டாலே கலர் மங்கி அழுது வடியும். 100 கிராம் நூலுக்கு 5 லிட்டர் பிடிக்கிற பாத்திரம் போதும், நூல் உள்ள நெருக்கியடிச்சு கிடக்கக்கூடாது.

இப்ப தண்ணி. சென்னைக்காரங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, தெருவுக்குத் தெரு தண்ணி வேற. மெட்ரோ வாட்டர் வந்தா பிரச்சனை இல்ல. கடல் பக்கத்துல சில இடங்கள்ல போர் தண்ணி உப்பு, வேற சில ஏரியால கெட்டி தண்ணி, சோப்பே நுரைக்காது, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியும். அந்த சுண்ணாம்பும் இரும்பும் சேர்ந்து கலரை மங்க வெச்சிடும், போர் தண்ணி பொதுவா காரத் தன்மையா இருக்கும், நீங்க ஊத்தற வினிகர் பாதி அதை சரிக்கட்டவே போயிடும். ரெண்டு பேரும் ஒரே பவுடர், ஒரே அளவு போட்டும் மயிலாப்பூர்ல ஒரு கலரும் பெருங்குடியில ஒரு கலரும் வருதுன்னா காரணம் இதான். சாயம் போடற தண்ணிக்கு மட்டும் கேன் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ எடுத்துக்கோங்க, 3, 4 லிட்டர்தானே. அலசறதுக்கு எந்தத் தண்ணியும் ஓகே. அப்படியும் போர் தண்ணிதான் வழின்னா பிஹெச் பேப்பர், அதாவது புளிப்பு எவ்வளவுன்னு காட்டற காகிதம், வாங்கி வெச்சுக்கோங்க, வினிகர் ஊத்தின பிறகு 4-ல இருந்து நாலரைக்குள்ள காட்டற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க.

நூல் உருண்டையா கண்டா இருந்தா முதல்ல சிட்டமா, அதாவது பெரிய வளையமா சுத்தின கட்டா மாத்தணும். நாற்காலி முதுகுல சுத்தினா போதும், இல்ல வீட்ல யாரையாவது ரெண்டு கையை நீட்டிட்டு உக்கார வைங்க, டிவி பாத்துக்கிட்டே இருப்பாங்க. சுத்தினதும் நாலு இடத்துல கட்டுங்க, கட்டறதுக்கு வெள்ளை பருத்தி நூல், அதான் சாயம் ஏறாதே, சாயப் பாத்திரத்துல இருந்து எடுத்ததும் கட்டு எங்க இருக்குன்னு வெள்ளையா தெரியும். எட்டு மாதிரி குறுக்கால விட்டு லூசா கட்டுங்க. இறுக்கிக் கட்டினா அந்த இடம் மட்டும் சாயம் போகாம வெள்ளை வளையம் விழும்.

கட்டின சிட்டத்தை வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு அரை மணி நேரம் ஊற வைங்க. மேலேயிருந்து அழுத்திப் பிடிச்சு முக்கினா போதும், கசக்க வேண்டாம். உல்லன்ல எண்ணெய்ப் பசை இருக்கும், தண்ணி உள்ள போக நேரம் எடுக்கும், சரியா நனையாம பாத்திரத்துல போட்டீங்கன்னா திட்டு திட்டா வரும். மே மாசம்னா மொட்டைமாடி டேங்க் தண்ணியே வெதுவெதுப்பா வரும், கீசரே வேண்டாம்.

உல்லன் சிக்கு பிடிச்சு கெட்டி கம்பளம் மாதிரி ஆகறதுக்கு மூணு காரணம் உண்டு, திடீர்னு சூடு மாறறது, போட்டுக் குலுக்கறது, சோப்பு காரம். மூணும் சேந்துச்சுன்னா நூல் திரும்ப பழைய நூலா வரவே வராது. சூப்பர்வாஷ்னு போட்ட நூல் இதுக்கு தப்பிச்சுக்கும், அதோட இழை மேல இருக்கிற செதிலை மழுங்கடிச்சிருப்பாங்க. சாயமும் அதுல வேகமா, ஆழமா ஏறும், பளிச்னு வேணும்கிறவங்களுக்கு முதல் சாய்ஸ் அதுதான்னு சொல்வேன். சாதா உல்லன் மெதுவா குடிக்கும், கலர் கொஞ்சம் அமைதியா இருக்கும், அதுலயும் ஒரு அழகு இருக்கு.

இப்ப சாயத் தண்ணி. பவுடரை நேரா பாத்திரத்துல கொட்டாதீங்க. 1 கிராம் பவுடர், 100 மில்லி வெந்நீர், இதான் ஒரு சதவீத கரைசல், பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி பேரு எழுதி வெச்சுக்கலாம். இதுல கணக்கு ரொம்ப சுலபம், 100 கிராம் நூலுக்கு 100 மில்லி ஊத்தினா நடுத்தரமான கலர், 25 மில்லின்னா வெளிர் கலர், 150-ல இருந்து 200 மில்லின்னா கண்ணைப் பறிக்கிற ஆழமான கலர். அதுக்கு மேல போனா பெரும்பாலும் வீண், நூல் குடிக்கிற அளவு குடிச்சிட்டு மீதியை தண்ணியிலயே விட்டுடும். கருப்பு மட்டும் விதிவிலக்கு, அதுக்கு 400 மில்லி கூட போகும். நகைக் கடை தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு இருந்தா நல்லது, ஸ்பூன் அளவு ஒவ்வொரு பவுடருக்கும் மாறும்.

பவுடர் அளக்கறப்போ மாஸ்க் கட்டாயம், கையுறை கட்டாயம், அப்புறம் எல்லாரும் மறக்கற ஒண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணுங்க. நம்ம ஊருல ஃபேன் இல்லாம அஞ்சு நிமிஷம் உக்கார முடியாதுதான், வேர்க்கட்டும், பரவால்ல. கண்ணுக்குத் தெரியாத தூசி பறந்து போய் சுவத்துல, தரையில, நனைஞ்ச நூல்ல உக்காரும், அடுத்த நாள் தரையை மாப் போட்டா எங்கிருந்தோ ஊதா கலர் வழியும். கீழே நனைச்ச நியூஸ்பேப்பர் விரிச்சு அது மேல வெச்சு அளந்தீங்கன்னா விழறது அங்கயே ஒட்டிக்கும். கரைச்ச பிறகு ஃபேன் போட்டுக்கலாம்.

அடுப்பு வேலைக்கு வருவோம். பாத்திரத்துல 3 லிட்டர் தண்ணி, சாயக் கரைசலை ஊத்தி கலக்கிட்டு, ஊறின நூலை லேசா பிழிஞ்சு உள்ள இறக்குங்க. ஒரே சீரா ஒரே கலரா வேணும்னா இந்த நேரத்துல வினிகர் ஊத்தாதீங்க. சின்ன தீயில மெல்ல சூடேத்துங்க, அரை மணி நேரத்துல சூடு ஏறினா போதும், அப்பப்ப கரண்டியால நூலை தூக்கி இறக்குங்க. நல்லா ஆவி வர ஆரம்பிச்சதும் நூலை ஒரு ஓரமா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு 60-ல இருந்து 75 மில்லி வெள்ளை வினிகர், இல்லன்னா 3 கிராம் சிட்ரிக் ஆசிட்டை கொஞ்சம் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. நேரா நூல் மேல ஊத்தினா அந்த இடம் மட்டும் லபக்னு சாயத்தை இழுத்துக்கும். மாறா, மேடு பள்ளமா நிழலும் வெளிச்சமுமா இருக்கிற நூல் வேணும்னா ஆரம்பத்துலயே வினிகர் ஊத்திட்டு சாயத்தை அங்கங்க ஊத்துங்க, தொட்ட இடத்துலயே பிடிச்சுக்கும். எனக்கு இந்த ரெண்டாவது வகைதான் பிடிக்கும், மெஷின்ல வராதது அதுதான்.

சூடு 85-ல இருந்து 90 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா, பாத்திரத்து ஓரத்துல சின்ன சின்னதா குமிழி வரணும், ஆவி பறக்கணும், நடுவுல தளதளன்னு கொதிக்கக்கூடாது. கொதிச்சா நூல் ஒண்ணோட ஒண்ணு உரசி சிக்காயிடும். அந்த சூட்டுல அரை மணியில இருந்து முக்கால் மணி நேரம் விடுங்க. இப்பதான் வேடிக்கை, ஒரு வெள்ளைக் கரண்டியிலயோ கண்ணாடி டம்ளர்லயோ தண்ணியை எடுத்துப் பாருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பாத்தா கலர் குறைஞ்சுக்கிட்டே வர்றது தெரியும். பிங்க்கும் சிவப்பும் சீக்கிரம் ஏறிடும். டர்க்காய்ஸ், அதாவது பச்சை கலந்த நீலம், இழுத்தடிக்கும், அதுக்கு ஒரு மணி நேரம் கூட கொடுக்க வேண்டி வரும்.

முக்கால் மணி ஆகியும் தண்ணி தெளியலையா, இன்னொரு ஸ்பூன் வினிகர் ஊத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் பாருங்க. அப்பவும் தெளியலைன்னா நீங்க போட்ட சாயம் நூலுக்கு அதிகம்னு அர்த்தம். அந்தத் தண்ணியை கொட்டாதீங்க, இன்னொரு சின்ன வெள்ளை சிட்டத்தை ஊற வெச்சு அதுலயே இறக்குங்க, இலவசமா வெளிர் கலர்ல ஒரு நூல் கிடைக்கும், மெயின் கலருக்கு பார்டர் போட கச்சிதமா சேரும். சாக்கடையில கலர் தண்ணி விடறது நமக்கு ஒரு பாத்திரம்தான், ஆனா திருப்பூர்ல பட்டறைக் கணக்குல விட்டு நொய்யல் ஆறு என்ன ஆச்சு, 2011-ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்ற நிலைமை வரைக்கும் போச்சு. தெளிஞ்ச தண்ணின்னா தாராளமா நிறைய தண்ணி சேத்து ஊத்தி விடலாம், கொஞ்சம் புளிப்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

அடுப்பை அணைச்சதும் நூலை எடுக்க கை பரபரக்கும். எடுக்காதீங்க. மூடி போட்டு அப்படியே ஆறட்டும், ராத்திரி பண்ணினா காலைல எடுங்க. ஆறுற நேரத்துல மிச்சம் மீதி சாயமும் உள்ள போயிடும், சூட்டுல இருந்து திடீர்னு பச்சைத்தண்ணிக்கு போற ஆபத்தும் இல்ல. அப்புறம் ஆறின நூல் எந்த சூட்டுல இருக்கோ அதே சூட்டுல இருக்கிற தண்ணியில அலசி, ரெண்டாவது தண்ணியில கொஞ்சம் ஷாம்பூவோ ஈஸி மாதிரி உல்லன் லிக்விடோ விட்டு முக்கி எடுங்க. துணி சோப்புத் தூள் வேண்டவே வேண்டாம், அதுல காரம் இருக்கு, காரம் பட்டா ஏறின சாயம் இறங்கும். அலசற தண்ணியில கலர் கொஞ்சமா வந்தா ஓகே, தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தா சாயம் பிடிக்கலை, திரும்ப வினிகர் தண்ணியில போட்டு அரை மணி சூடு காட்டுங்க. 1960-கள்ல அமெரிக்காவுல ப்ளீடிங் மெட்ராஸ்னு நம்ம ஊரு கட்டம் போட்ட பருத்தித் துணி ஃபேஷனா ஓடினப்போ சாயம் போறதையே பெருமையா விளம்பரம் பண்ணி வித்தாங்க. உங்க பொண்ணு வெள்ளை யூனிஃபார்ம் மேல போடற ஸ்வெட்டர்ல அந்தப் பெருமையெல்லாம் செல்லாது.

கலர் கலக்கற விஷயம்தான் எனக்கு ரொம்ப இஷ்டம், கொஞ்சம் நீட்டிப் பேசறேன். ஸ்கூல்ல சிவப்பு, நீலம், மஞ்சள்னு சொல்லிக் கொடுத்தாங்க இல்ல, அதை மறந்துடுங்க. சிவப்புலயும் நீலத்துலயும் ஏற்கனவே கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும், ரெண்டையும் சேத்தா ஊதா வராது, அழுக்கு கத்திரிக்காய் வரும். பளிச்னு வேணும்னா மஜந்தா, டர்க்காய்ஸ், எலுமிச்சை மஞ்சள், இந்த மூணை வாங்குங்க, முக்கால்வாசி கலர் இதுலயே வந்துடும். எந்த ரெண்டைக் கலந்தாலும் பளிச், மூணாவது ஒரு சொட்டு உள்ள போனதும் மங்க ஆரம்பிக்கும். வேணும்னே மங்கலாக்கறதுக்கு அந்த சொட்டு உதவும், தெரியாம போட்டா மண் கலர்தான்.

கலர் ஐடியாவுக்கு வேற எங்கயும் தேட வேண்டாம், பீரோவைத் திறந்து பட்டுப் புடவைங்களைப் பாருங்க. ராணி பிங்க் வேணும்னா மஜந்தாவை மட்டும் 150 மில்லி ஊத்துங்க, வேற ஒண்ணும் வேண்டாம். மாம்பழ மஞ்சளுக்கு 95 மில்லி மஞ்சள், 5 மில்லி மஜந்தா. கிளிப்பச்சைக்கு 90 மில்லி மஞ்சளோட 10 மில்லி டர்க்காய்ஸ்ல ஆரம்பிங்க, டர்க்காய்ஸை ரெண்டு ரெண்டு மில்லியா ஏத்துங்க, ஒரேயடியா ஊத்தினா கிளி பறந்துடும் பாசிதான் மிஞ்சும். கத்திரிப்பூவுக்கு மஜந்தாவும் டர்க்காய்ஸும் ஏறக்குறைய பாதிப் பாதி, இதுல பிங்க் முந்திக்கிட்டு ஏறி நீலம் பின்னாடி வர்றதால நூல்ல அங்கங்க ரெண்டும் தனித்தனியா எட்டிப் பாக்கும், அது பிடிக்கலைன்னா வினிகரை ரெண்டு மூணு தவணையா ஊத்துங்க. எம்.எஸ். ப்ளூ, அதான் எம்.எஸ். சுப்புலட்சுமி புடவை நீலம், கேக்கறவங்களுக்கு மூணு கலர் கலவை சரிப்படாது, தனியா ஒரு நல்ல நீலப் பவுடர் வாங்கறதுதான் வழி. மயில் கழுத்து இன்னும் தந்திரம், புடவையில அது பாவு (நீள வாக்குல ஓடற நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர்னு நெசவுல வர்ற மாயம், ஒத்தை நூல்ல அப்படியே வராது. நீலத்தையும் பச்சையையும் பக்கத்துல பக்கத்துல போட்டு இடையில லேசா ஊதா தடவினா பின்னி முடிச்சதும் தூரத்துல இருந்து பாக்க அந்த சாயல் வரும்.

ஒவ்வொரு கம்பெனி பவுடருக்கும் பலம் மாறும், அதனால என் அளவை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. 5 கிராம் நூலைத் தனியா கட்டி, 5 மில்லி கரைசல்ல ஒரு டம்ளர் தண்ணியில சாம்பிள் போட்டுப் பாருங்க. நனைஞ்ச நூல் காயறப்போ ரெண்டு ஷேடு வெளுக்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

பல கலர் ஒரே சிட்டத்துல வேணும்னா பெயிண்ட் பண்ற முறை. ஊற வைக்கிற தண்ணியிலயே வினிகர் கலந்துடுங்க, ஒரு லிட்டருக்கு 50 மில்லி மாதிரி. அரை மணி ஊறினதும் நல்லா பிழிஞ்சு, மேஜை மேல க்ளிங் ராப் விரிச்சு நூலை நீளமா பரப்பி, சாஸ் பாட்டில்லயோ பழைய ப்ரஷ்லயோ கரைசலை ஊத்தி கையுறை போட்ட விரலால அமுக்கி விடுங்க. ஊத்தினது அடிப்பக்கம் போயிருக்கான்னு புரட்டிப் பாருங்க, மேல ஜொலிக்கும், அடியில வெள்ளை பல்லைக் காட்டும். எதிரெதிர் கலரை ஒட்டி வைக்காதீங்க, மஞ்சள் பக்கத்துல ஊதா, பச்சை பக்கத்துல பிங்க் இப்படி வெச்சா ரெண்டும் கலக்கற இடம் சேறாகும், நடுவுல ஒரு விரல் அகலம் வெள்ளையா விட்டா தப்பிச்சுக்கும். தண்ணி தேங்கி நின்னா டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு, க்ளிங் ராப்பை நாலு பக்கமும் மடிச்சு சுருட்டி இட்லி குண்டான்ல வேக வைங்க. ஆமா இட்லி குண்டானேதான், பழசு ஒண்ணு பரண்ல கிடக்கும், அதை இதுக்குன்னு ஒதுக்கிடுங்க. தட்டு மேல பொட்டலத்தை வெச்சு, கீழ தண்ணி தொடாம, அரை மணியில இருந்து முக்கால் மணி ஆவி. நடுவுல தண்ணி வத்திடாம பாத்துக்கோங்க. ஆறினதும்தான் பிரிக்கணும், உள்ள இருக்கிற ஆவி கையை சுட்டுடும்.

பொட்டுப் பொட்டா தெளிச்ச மாதிரி வேணும்கிறவங்க தட்டையான பாத்திரத்துல நூல் மூழ்காத அளவு வினிகர் தண்ணி வெச்சு சூடேத்தி, சூடா இருக்கிறப்போ மேல பவுடரை சிட்டிகை சிட்டிகையா தூவலாம், தொட்டதும் அங்கயே பிடிச்சுக்கும். இதுக்கு ஃபுட் கலர்தான் எடுக்கணும்னு நான் சொல்வேன். ஆசிட் டை பவுடரை அடுப்பு ஆவிக்கு மேல தூவறது நுரையீரலுக்கு நல்லதில்ல.

மஞ்சள்தூள், பீட்ரூட் எல்லாம் போட்டா என்னன்னு கேப்பீங்க. மஞ்சள்தூள் உல்லன்ல அசத்தலா ஏறும், வெயில் பட்டா ஒரு மாசத்துல ஓடிப்போயிடும், பீட்ரூட் அதுக்கு முன்னாடியே ஓடிடும். ஆசைக்குப் பண்ணலாம், பரிசா கொடுக்கப் பின்ற ஸ்வெட்டருக்கு வேண்டாம்.

காய வைக்கிறது நிழல்ல. மொட்டைமாடி உச்சி வெயில்ல போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்தான், கலரும் கூடவே கொஞ்சம் போகும். ஒரு டவல்ல சுருட்டி மேல ஏறி மிதிச்சு ஈரத்தை எடுத்துட்டு, பால்கனி கொடியில ஹேங்கர்ல மாட்டி விடுங்க, எடை எதுவும் தொங்க விட வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழைல மட்டும் யோசிச்சு பண்ணுங்க, அந்த ஈரக் காத்துல ரெண்டு நாளானாலும் காயாது, மக்கின வாடை வந்துடும், ஃபேனுக்கு கீழ போடறதுதான் வழி. முழுசா காயாம பைக்குள்ள வெச்சு மூடாதீங்க. காஞ்ச நூலை வேப்பிலையோட பருத்திப் பையில வெச்சா பூச்சி அண்டாது, இலை காய காய மாத்திக்கிட்டே இருக்கணும்.

கடைசியா ஸ்வெட்டர், பெரிய ஷால்னு யோசிக்கிறவங்களுக்கு. எத்தனை சிட்டம் வேணும்னு முதல்லயே கணக்குப் போட்டு, பாத்திரம் பிடிச்சா எல்லாத்தையும் ஒரே தடவை போடுங்க, சாயமும் தண்ணியும் வினிகரும் நூல் எடைக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கோங்க. தனித்தனியா போட்டா அளவு அப்படியே இருந்தாலும் ஷேடு ஒரு இழை மாறத்தான் செய்யும். மாறிடுச்சுன்னா பிரிச்சு திரும்ப சாயம் போட வேண்டாம், ரெண்டு சிட்டத்தையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு வரிசை இதுல, ரெண்டு வரிசை அதுலன்னு மாத்தி மாத்தி பின்னுங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு சிட்டத்துலயும் ஒரு சாண் நூலை வெட்டி ஒரு நோட்டுல ஒட்டி, பக்கத்துல பவுடர் பேரு, மில்லி, எந்தத் தண்ணி, எவ்வளவு நேரம்னு எழுதி வெச்சுக்கோங்க.